பேசிக்கலாம் வா

"பேசித் தீர்த்திருக்கலாமே" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் சொன்னார். 2025 ஜூலை மாதக் கடைசி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, 27ஆம் தேதி, பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்ற 27 வயது மென்பொருள் பொறியாளரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். பட்டியல் சாதியில் பிறந்தவர், வேறு சாதிப் பெண்ணோடு பழகினார், அவ்வளவுதான். பெண்ணின் சகோதரர் மீது வழக்கு. அப்பா அம்மா உங்களோடு பேச வேண்டும் என்கிறார்கள் என்று சொல்லித்தான் கவினை அழைத்துப் போனார் என்பது குற்றச்சாட்டு. எங்கள் அலுவலகத்தில் அதைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் அந்த மனிதர் அப்படிச் சொன்னார். கெட்டவர் இல்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிறவர். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. பேசத்தானே சார் கூப்பிட்டார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் "போய்ப் பேசு" என்று சொல்லி அனுப்பி வைத்தவள் நான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிறேன். சனிக்கிழமை ஆனால் சம்பளக் கவர் போடுவது என் வேலை. இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு டாலர் சிட்டி என்று தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஊரைவிட்டு ஓடி வந்த காதல் ஜோடிகள் எத்தனையோ பேர் இந்த ஊரில்தான் உயிர் பிழைத்திருக்கிறார்கள். வந்த மறுநாளே வேலை கிடைக்கும். செக்கிங், பேக்கிங், கை மடிக்க என்று ஏதாவது ஒன்று. காம்பவுண்டுக்குள் எட்டு லைன் வீடு இருக்கும், அட்வான்ஸ் கொடுத்தால் சாவி தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தேனியா, தர்மபுரியா, பீகாரா என்று யாரும் துருவுவதில்லை. சொந்த ஊரில் தெருவின் பெயரைச் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். இங்கே காம்பவுண்டு ஓனர் பெயர்தான் விலாசம். அந்த ஒரு வசதிக்காகவே இந்த ஊரின் சாயக் கழிவையும் புழுக்கத்தையும் நான் மன்னித்துவிடுவேன்.

முதல் பெண் அப்படி வந்தவள்தான். 2014. செக்கிங் டேபிளில் நின்றாள், பத்தொன்பது இருபது வயசு. பையன் பிரிண்டிங் பட்டறையில். அவன் சாதி வேறு, அவள் வீட்டார் கண்ணுக்குக் கீழே. ஒரு கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பதிவு செய்யவில்லை. அதைப் பற்றி அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்றைக்கு அதன் அருமை தெரியாது. இரண்டு மாதம் கழித்து, புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சித்தப்பா போன் பண்ணியிருக்கிறார். அப்பாவுக்கு நெஞ்சுவலி. "நீ மட்டும் முதல்ல வந்து பார்த்துட்டுப் போ. எல்லாம் பேசிக்கலாம் வா. தலைதீபாவளிய நம்ம வீட்லயே வச்சுக்கலாம்" என்றாராம். தலைதீபாவளி என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. "அக்கா, போகட்டுமா?" என்றாள்.

போ என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பெத்தவங்க எத்தனை நாளைக்குக் கோபமா இருப்பாங்க, பேசினா சரியாப் போயிடும், குழந்தை ஒண்ணு பிறந்தா அவங்களே தேடி வருவாங்க என்று, நாம் எல்லோரும் சொல்வதையெல்லாம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் சுவிட்ச் ஆஃப். பையன் ஊருக்குப் போனான், தெரு முனையிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்குப் போனான். தாலி கட்டினதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். செல்போனில் ஒரே ஒரு போட்டோ, அதிலும் பாதி முகம் தூண் மறைத்திருந்தது. கார்த்திகைக்குள் அவளை மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். உயிரோடு இருக்கிறாளே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை, இன்று வரை.

வெள்ளிக்கிழமை போனவள் சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கவில்லை. 1,860 ரூபாய். கவர் மேல் அவள் பெயரை நான்தான் எழுதினேன். வருவாள், கொடுக்கலாம் என்று டிராயரில் வைத்தேன். 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த ராத்திரி எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கவர்தான். உள்ளே மூன்று ஐநூறு ரூபாய் நோட்டு. என் காசு மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றி, புது நோட்டாக வைத்து மறுபடி ஒட்டினேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

என் வீட்டில் பேச்சு பேச்சாகவே இருந்தது

ஏன் அவ்வளவு சுலபமாகப் "போ" என்று சொன்னேன் என்று பல வருடம் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் இங்கே ஆதிக்கம் செலுத்துகிற சாதி ஒன்றில் பிறந்தவள்தான். என் வீட்டிலும் சண்டை வந்திருக்கிறது. மேலே படிக்க வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். அப்பா கத்துவார், பெரியம்மா வந்து பேசுவார், சமாதானம் ஆகும். பேசினால் தீராதது எதுவும் இல்லை என்று நான் நம்பியது அந்த வீட்டில் கற்றுக்கொண்டதுதான். ஆனால் நான் கேட்டதெல்லாம் சாதிக்குள் நின்று கேட்டவை. கோட்டைத் தாண்டி ஒரு காலைக்கூட நான் வைக்கவில்லை. வைத்திருந்தால் அதே அப்பாவின் பேச்சு என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் தெரிந்தவள் மாதிரி அவளுக்கு யோசனை சொல்லிவிட்டேன்.

2016 மார்ச் 13. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப்பேட்டை எங்கள் மாவட்டம்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே, சாதி தாண்டிக் காதலித்த சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டிய கேமராக் காட்சியை அன்று ராத்திரி ஊரே பார்த்தது. முந்தின வருடம் ஜூலை 12இல் பழனி கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எட்டு மாதம்தான். சங்கருக்கு 22 வயது, கௌசல்யாவுக்கு 19. கல்யாணமான அதே மாதத்தில் உறவினர்கள் கௌசல்யாவைக் கொண்டுபோனார்கள், போலீஸில் புகார் கொடுத்த பிறகுதான் அவர் திரும்ப வந்தார். அப்புறமும் வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. போகாததால்தான் இப்படி ஆயிற்று என்று எங்கள் காம்பவுண்டிலேயே பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். போனவள் ஒருத்தியை எனக்குத் தெரியும். போனால் ஒன்று, போகாவிட்டால் ஒன்று, இரண்டிலும் பழி அந்தப் பெண் தலையில்தான் விழுகிறது. கூப்பிட்டவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்த கௌசல்யா, பெற்ற தாய் தகப்பனுக்கு எதிராகவே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூன் 22இல் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம், நான் வேண்டாம் என்கிற பக்கம். ஆனால் தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் "ஆயிரம் இருந்தாலும் பெத்த அப்பன்" என்றார். அந்தப் பொண்ணு கண் முன்னால வெட்டுப்பட்டுச் செத்தவன் யார் என்று நான் கேட்டேன். அதுவரைக்கும் டீக்கடையில் வாய் திறந்து எதுவும் பேசினதில்லை.

அதற்கும் முந்தின கதை ஒன்று உண்டு, விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசனும் கண்ணகியும், சாதி வேறு வேறு. 2003 மே மாதம் பதிவுத் திருமணமே செய்துகொண்டார்கள். செய்துகொண்டு, வெளியே சொல்லப் பயந்து அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்புறம் கண்ணகியைத் தூரத்து ஊரில் உறவினர் வீட்டில் ஒளித்து வைத்தும் பயனில்லை. தேடிப் பிடித்து ஊருக்கே கொண்டுவந்து, ஜூலை 8ஆம் தேதி, இரண்டு பேரையும் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்றார்கள். அந்த வழக்கில் தண்டனை வர 2021 ஆயிற்று, பதினெட்டு வருடம். வழக்கை மறைக்க உடந்தையாக இருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் குற்றவாளிகள். உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தும் அந்த இரண்டு பேரை அது காக்கவில்லை. காகிதம் வேண்டும்தான். ஆனால் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஊரில் இருந்தால் அது காகிதம் மட்டும்தான்.

ஏழுகல் கம்மல்

இரண்டாவது பெண் 2019இல் வந்தாள். ஓவர்லாக் மெஷின் ஓட்டுவாள், நல்ல கை. தென்மாவட்டத்துக்காரி. ஒரு நாள் சம்பளக் கவரை வாங்கும்போதே குரலைத் தாழ்த்தி, "அக்கா, கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேணும், போடுவீங்களா?" என்றாள். ஐந்து வருடமாக ஒரு கவரை வைத்துக்கொண்டிருந்தவளிடம் இதைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. போடுகிறேன் என்றேன்.

இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். பெரிய கோயில்களில் இப்போது பெற்றோர் வந்தால்தான் கல்யாணம் என்கிறார்கள். அதனால் சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம் அது. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், நண்பர்கள் உறவினர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் சட்டப்படி கல்யாணம். இயக்கத் தோழர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போட்ட கயிற்றுக்குக் கீழே, ஏழு பேர் நின்றோம். அங்கிருந்து நேராகச் சார்பதிவாளர் அலுவலகம். இரண்டு பேரும் இந்து என்பதால் அது முடிந்தது. ஒருவர் வேறு மதம் என்றிருந்தால் 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் பெயரும் விலாசமும் எழுதி முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் ஒட்டி வைப்பார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் இன்ன விலாசத்தில் இருக்கிறார்கள் என்று அரசாங்கமே ஒரு மாதம் விளம்பரம் செய்வதை எந்த மனசாட்சியோடு இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஐந்து நகல் எடுத்தோம். ஒன்று என்னிடம், அந்தப் பழைய கவர் இருக்கிற அதே டிராயரில்.

அவள் அப்பா பெண்ணைக் காணோம் என்று ஊரில் புகார் கொடுத்திருந்தார். மேஜரான பெண் தன் விருப்பப்படி கல்யாணம் செய்தால் யாரும் தலையிடக்கூடாது, மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு இல்லம் வேண்டும், தனிப் பிரிவு வேண்டும் என்றெல்லாம் உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சில் விரிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த ஊர் ஸ்டேஷனிலிருந்து, "சும்மா ஒரு தடவை நேர்ல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்கம்மா" என்றுதான் போன் வந்தது. வக்கீல், நான், அவர்கள் இரண்டு பேர், தோழர்கள் நான்கு பேர், வேனில் போனோம்.

வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். உள்ளே அப்பா, பெரியப்பா, இரண்டு அண்ணன்மார், கடைசியில் சுவரை ஒட்டி அம்மா. ஒல்லியான மனுஷி, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் அம்மா கடுமையாகப் பேசவில்லை. அவரும் "பேசுங்க"தான். "பெத்தவங்ககூட அஞ்சு நிமிஷம் தனியாப் பேசும்மா, அப்புறம் உன் இஷ்டம்." வக்கீல் எங்கள் கண் முன்னால்தான் பேச வேண்டும் என்று உறுதியாக நின்றுவிட்டார். பெரியப்பாதான் பேசினார். குரலில் அத்தனை பாசம். வீட்டுக்கு வா தாயி, உனக்கு என்ன வேணுமோ செஞ்சு தாரோம், அவனையும் நாங்களே கூப்பிட்டு வச்சுப் பேசுதோம் என்றார். அவர் "அவனை" என்று சொன்ன பையன் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் இவங்ககூடத்தான் போவேன்" என்று ஒரே வாக்கியத்தை நாலு தடவை சொன்னாள்.

உடனே பாசம் போய்விட்டது. "அப்ப நாங்க போட்ட நகையக் கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

ஸ்டேஷன்களுக்குப் போய்ப் பழக்கமுள்ளவர்களுக்கு இது புதிதல்ல. மேஜை மேல் ஒரு பழைய தினசரியை விரித்தார்கள். செயின். வளையல் இரண்டு. மோதிரம், அது கொஞ்சம் இறுக்கம், எச்சில் தொட்டுக் கழற்றினாள். கால் கொலுசு. ஏட்டம்மா ஒன்று ஒன்றாகச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார். கடைசியில் கம்மல். சிவப்பு ஏழுகல் கம்மல். வலது காதில் வந்துவிட்டது. இடது காதில் திருகாணி சுற்றவில்லை. வருஷக்கணக்காகக் கழற்றாதது, அழுக்கேறி இறுகியிருந்தது. விரலில் வியர்வை, வழுக்குகிறது. காது மடல் சிவந்துவிட்டது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு அண்ணன் "பிச்சுக் குடுடி" என்றான். நான் எழுந்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டார். சுவரை விட்டு அவர் நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. மகளின் தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, தலைப்பு நுனியால் திருகாணியைப் பிடித்து, மெதுவாக, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற மாதிரி அவசரமே இல்லாமல் திருகினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷமும் அந்த அறையில் சத்தமே இல்லை. கம்மல் கையில் வந்ததும் அதை மேஜையில் வைக்காமல் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு பழைய இடத்துக்கே போய் நின்றார்.

இனி எங்களுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை, சொத்தில் பங்கு கேட்க மாட்டாள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் காகிதம் சட்டப்படி செல்லாது என்று வக்கீல் என் காதில் சொன்னார். வேன் ஏறினோம்.

ரொம்ப தூரம் வந்த பிறகு ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஓட்டை தூர்ந்துவிடும் என்று டீக்கடை அக்காவிடம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி இரண்டு வாங்கி ஒடித்துப் போட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னாள். "கம்மலக் கழட்டும்போது அம்மா காதுக்குள்ள சொன்னாங்கக்கா. எவன் கூப்பிட்டாலும் வந்துறாத. நான் செத்துட்டேன்னு சொன்னாலும் வந்துறாத தாயின்னு சொன்னாங்க."

பள்ளிக்கூடத்தில் அகத்திணை நடத்தும்போது அறத்தொடு நிற்றல் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுப்பார்கள். தலைவியின் ஒளித்து வைத்த காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தகப்பனுக்கும் அண்ணன்மாருக்கும். காதலை எடுத்துச் சொல்வதற்கே அறத்தின் பக்கம் நிற்பது என்று பெயர் வைத்த மொழி இது. ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அந்த டீக்கடை பெஞ்சில்தான் எனக்கு அது விளங்கியது. தகப்பனிடமும் அண்ணன்மாரிடமும் சொல்ல முடியாத ஒருத்தி, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திருகாணியைத் திருகுகிற சாக்கில் மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வீட்டில் எந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நான் ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த இன்னொரு பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான்.

போகட்டுமா?

அந்தப் போன் வரத்தான் செய்தது. நாலு மாதம் கழித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு. பெரியப்பா. "அம்மாவப் பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. கண்ணத் தொறந்தா உன் பேரத்தான் சொல்லுதா. நடந்தது நடந்து போச்சு, வா, பேசிக்கலாம்." அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள், செருப்புக்கூடப் போடவில்லை. "அக்கா, போகட்டுமா?" அச்சு அசல் அதே கேள்வி. எனக்கு ஒரு கணம் முகம் மாறிவிட்டது, எதிரில் நிற்பது யார் என்றே குழம்பிவிட்டது.

போகாதே என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி முழுக்க அடிவயிறு கலங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஆஸ்பத்திரியில் இருந்தால்? ஒரு தாய் மகளைப் பார்க்காமல் சாக நான் காரணமாகிவிட்டால்? வக்கீலின் ஜூனியர் ஒருவர் காலையில் அந்த ஆஸ்பத்திரிக்கே போய் வார்டு வார்டாக விசாரித்தார். அந்தப் பெயரில் யாரும் சேரவில்லை. மத்தியானம் இன்னொருவர் மூலம் செய்தி வந்தது, அம்மா காலையில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். அதைச் சொன்னதும் அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற பலருக்கு, எல்லா வீடும் அப்படியா, மனம் மாறுகிற பெற்றோரே இல்லையா என்று தோன்றும். இருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பேரனைப் பார்க்க இந்தத் திருப்பூர் லைன் வீட்டுக்கே வாழைத்தாரோடு வந்து இறங்கிய தாத்தாக்களை நானே பார்த்திருக்கிறேன். கவனித்துப் பார்த்தால் அவர்கள் யாரும் "வா" என்று கூப்பிட்டவர்கள் இல்லை. அவர்களே வந்தார்கள். மருமகன் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். இப்போது என்னிடம் யாராவது யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். மனசு மாறினவங்களுக்கு உன் விலாசத்துக்கு வர பஸ் இருக்கு. நீ போகாதே.

கவின் சாவுக்குப் பிறகு, 2025 அக்டோபரில், ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் அரசு ஆணையம் அறிவித்தது. சட்டம் வரட்டும், வர வேண்டும், எத்தனையோ பேர் தெருவில் நின்று கேட்டது அது. அதில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். கொலை நடந்த பிறகு என்ன தண்டனை என்பதோடு நிற்காமல், அந்த "அஞ்சு நிமிஷம் தனியாப் பேசும்மா" என்பதை ஸ்டேஷனில் யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

அவளுக்கு இப்போது ஒரு மகள். 2023 மாசியில் ஒரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கணவன் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தான். நானும் கூட வரேன், போலாம்னு சொன்னேன்க்கா, மாட்டேங்கிறா என்றான். உள்ளே அவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து கூடப் படித்த பெண் ஒருத்தி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள், சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்த முறை பொய் இல்லை. கீழே கணவர், மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று வரிசையாகப் பெயர்கள். இவள் பெயர் இல்லை. போகட்டுமா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்ன அகல் ஏற்றி வைத்திருந்தாள், அதற்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு விரலால் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பெயர்கள் எல்லாம் திரைக்கு வெளியே போகிற வரைக்கும் நகர்த்தி, அம்மாவின் முகத்தை மட்டும் நிறுத்தி என் பக்கம் திருப்பினாள்.

சமீபத்தில் ஏதோ விசேஷத்தில் எடுத்த படம். தலையில் பூ. காதில் சிவப்பு ஏழுகல் கம்மல்.